அரியணையில் பலாப்பழம்

5 மே, திங்கள்

இன்று அலுவலகத்துக்கு ஒரு ராஜா வந்தார். ஸ்கூட்டரில்.

கிராம நிர்வாக அலுவலராக ஆறு வருடத்தில் பலரைப் பார்த்துவிட்டேன். தன் இறப்புச் சான்றிதழைத் தானே நேரில் வாங்க வந்தவரைக்கூட. ராஜா மட்டும் பாக்கியிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் கிராம உதவியாளர் கெங்கம்மாள் எழுந்து கும்பிட்டாள். தாசில்தார் வந்தபோதுகூட அவள் எழுந்ததில்லை. இடுப்பு வலி என்பாள். ராஜாக்களுக்கு இடுப்பு வலியைத் தீர்க்கும் சக்தி உண்டு போலிருக்கிறது.

அடிவாரத்துக் கருங்கானூர் ஜமீன். முழுப்பெயர் வீர மோகன பூபதி. ஜமீன்களை ஒழித்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. பெயரிலிருந்து அதை ஒழிக்க யாருக்கும் தோன்றவில்லை. பிழைப்புக்கு வாணியம்பாடியில் ஒரு செருப்பு கம்பெனியில் தரம் பார்க்கிறார்.

வருடத்தில் ஒருநாள் மட்டும் அவர் நிஜமாகவே ராஜா. ஆனி மாதம் எங்கள் மலைக்கோயில் திருவிழா. நாவல் மரத்தடியிலிருந்து கோயில் வரைக்கும் அவரை நாற்காலியில் வைத்து, அதில் கட்டிய தண்டுகளை நான்கு பேர் தோளில் ஏற்றித் தூக்கிவர வேண்டும். நாற்காலி வந்த பிறகுதான் அம்மன் புறப்படும். கோயில் வாசல் வரை தார் ரோடு போட்டுப் பல வருடமாகிறது. நாற்காலிக்கு அது தெரியாது.

போன வருடம் ஊர்ப் பையன்கள் சிலர் முணுமுணுத்தார்களாம். ஆகவே அவருடைய அம்மாவுக்கு ஒரு சான்று வேண்டும்: மலைமக்கள் ராஜாவை மனமுவந்து தூக்குகிறார்கள் என்று.

"அப்படி ஒரு சான்று அரசாங்கத்துல கிடையாது சார்."

"தெரியும் மேடம். அம்மா அனுப்பினாங்க."

"இருந்தாலும் தர மாட்டேன். பொய்ச் சான்றுல இதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை."

"பொய்னு எப்டி சொல்றீங்க?"

"உங்க நாற்காலிக்கு முன்தண்டுல இடது தோள் யாரோடது தெரியுமா? சின்னதம்பின்னு பேரு. முட்டி தேஞ்சு போச்சு. எங்கப்பா."

ராஜா தலையைக் குனிந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து ஒரு கணம் மகிழ்ந்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க எடது கால் வலது காலைவிட அரை சைஸ் பெருசு மேடம். செருப்பு கடிக்குமே?"

ராஜவம்சங்கள் ஏன் அழிந்தன என்று தடித்தடியான புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். இந்தக் காரணத்தை யாரும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். முடிவை இங்கே பதிய விரும்பவில்லை.

6 மே

ஸ்கேல் பிழையாக இருக்கலாம்.

11 மே, ஞாயிறு

அப்பாவோடு சண்டை. ஆலங்காயம் டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார், இனிமேல் சுமை தூக்கினால் நடையே போய்விடும் என்று. அப்பா அதை வேறு யாருடைய முட்டியைப் பற்றியோ சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க தாத்தன் தூக்குனாரு, எங்கப்பன் தூக்குனாரு. எடது முன்தண்டு நம்ம வூட்டுது. அத உட்டா ஊருல எனக்கு இன்னா இருக்குது?"

"முட்டி இருக்கும்."

அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்தாள். அம்மாவின் பெயர் முனியம்மா. எங்கள் வீட்டின் எதிர்க்கட்சி. "அரிசி மூட்டய எறக்கச் சொன்னா முட்டி வலி. ராஜாவ ஏத்தச் சொன்னா வலி ஓடிப்பூடுது. அந்தாளு இன்னா, பஞ்சுல செஞ்சவனா?"

அப்பா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "தண்ட மவனுக்கு மாத்தலாம், இல்ல மருமவனுக்கு மாத்தலாம். வேற தோளுக்குப் போவக்கூடாது. எனக்கு மவன் இல்ல. மருமவனையாவது கொண்டான்னா நீ புஸ்தகம் படிச்சிக்கினு ஒக்காந்திருக்கிற. அப்ப நாந்தான் தூக்கணும்."

ஆக, என் அப்பாவின் முட்டி தேய்வதற்குக் காரணம் நான் வாசிக்கும் பழக்கம். இந்தத் தர்க்கத்தை எந்த நீதிமன்றத்திலும் முறியடிக்க முடியாது.

தூக்கப்படுகிறவரை வெறுப்பது எளிது. தூக்க அடம்பிடிக்கிறவரை என்ன செய்வது?

17 மே, சனி

ராஜா மீண்டும். சான்று தர இயலாது என்பதற்கு ஒரு சான்று வேண்டுமாம். அம்மாவிடம் காட்ட.

அதுவும் கிடையாது என்றேன். சரி என்றார். போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் கெங்கம்மாளோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு நிலவரித் தீர்வைக் கணக்கு இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. நான்கைந்து தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

"இன்னா கேட்டாரு?" என்றேன் பிறகு.

"ஊரு வழக்கம்லாம் கேட்டாரு பாப்பா. பாவம், வருசா வருசம் வர்றாரு, ஒண்ணும் தெரியல. நாற்காலிலயே வந்து நாற்காலிலயே பூடறாரில்ல."

கெங்கம்மாளுக்கு நையாண்டி வராது. நிஜத்தைச் சொன்னால் சில சமயம் அப்படி ஆகிவிடுகிறது.

24 மே, சனி

ஆலங்காயத்துக்கு ஒரு விசாரணைக்காகப் போனேன். திரும்பும்போது பஸ் கருங்கானூரில் பழுதாகி நின்றது. அரண்மனை எதிரே. பஸ்கள் என்னைக் கலந்தாலோசிப்பதில்லை.

அரண்மனையின் தர்பார் மண்டபம் வாடகைப் பாத்திரக் கடைக்கு விடப்பட்டிருக்கிறது. முன்னோர்கள் வழக்குக் கேட்ட இடத்தில் இட்லிக் கொப்பரைகள் அடுக்கியிருக்கின்றன. அந்தப்புரத்தில் வௌவால்கள். சுவரில் ஒரு வாள், ஒரு எண்ணெய் ஓவியம். ஓவியத்தில் உள்ள பாட்டனாருக்கு மூக்கு வரை கரையான் வந்துவிட்டது. கண்களில் இன்னும் அதிகாரம் இருக்கிறது.

ராஜா டீக்கடைக்கு ஓடிப்போய் பிளாஸ்டிக் பையில் டீ வாங்கிவந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவருடைய அம்மா வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் வந்து வந்து போனது.

"ஒண்ணு சொல்லணும் மேடம். சின்ன வயசுலேருந்தே அந்த நாற்காலில ஒக்காந்தா கண்ண மூடிப்பேன். மூச்சு மட்டும் கேக்கும். நாலு பேரோடது. முன்னால எடதுபக்கம் வர்ற மூச்சு எனக்கு நல்லாத் தெரியும். போன வருசம் அது விசில் மாதிரி வந்துச்சு."

என் அப்பாவின் மூச்சு.

"அது கேட்டும் ஒக்காந்திருந்தீங்க."

"ஒக்காந்திருந்தேன்."

அவ்வளவுதான். அம்மா, வம்சம், சம்பிரதாயம் — ஒரு சாக்கும் சொல்லவில்லை. சாக்குச் சொல்லாத மனிதனைத் திட்டுவது கடினம். முயன்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

1 ஜூன், ஞாயிறு

கெங்கம்மாள் வழியாக ஒரு ஜோடி செருப்பு வந்தது. இடது கால் அரை சைஸ் பெரிது. "வெளிநாட்டுக்கு அனுப்ப லாயக்கில்லாத சாம்பிள், யாருக்கும் நஷ்டமில்லை" என்று சொல்லி அனுப்பினாராம். ராஜாக்கள் முத்துமாலை வீசியதாகத்தான் படித்திருக்கிறேன். கழித்துப் போட்ட செருப்பு என்பது நம் காலத்துக்கேற்ற திருத்தம்.

அரசு ஊழியர் பரிசு வாங்கக் கூடாது. திருப்பிக் கொடுத்துவிடும்படி கெங்கம்மாளிடம் சொன்னேன். என் இடது கால் இந்த முடிவில் கலந்துகொள்ளவில்லை.

15 ஜூன், ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும். நடந்த வரிசைப்படி.

காலையில் நாவல் மரத்தடியில் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். தேக்கு. கைப்பிடியில் இரண்டு சிங்கங்கள், ஒன்றுக்குத் தாடை இல்லை. ராஜாவின் அம்மா வாடகைக் காரில் தார் ரோடு வழியாக நேராகக் கோயில் வாசலில் போய் இறங்கிவிட்டார். அப்பா முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். அதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விழுந்தால் பிடிக்க ஒருவர் வேண்டுமே என்று போனேன்.

ராஜா வந்தார். பட்டு வேட்டி, இடுப்பில் வாள், தலையில் பரிவட்டம். வெறுங்கால். நாற்காலியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"நான் ஒக்காரல. நடந்தே வர்றேன்."

கைதட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நானும் எதிர்பார்த்தேன். சீர்திருத்தவாதிகள் கதைகளில் அப்படித்தான் ஆகிறது.

அப்பாவின் முகம் செத்துப்போனது. "இன்னா தொரை, நாங்க இன்னா கொறை வெச்சோம்?"

"கொறையில்ல பெரியவரே."

"நீங்க நடக்கறதுக்கு நாங்க எதுக்கு? மூணு தலைமொறையா தூக்கறோம், ஒருதரம் சாய்ஞ்சிருப்பமா?"

பூசாரி கோபால்சாமி குறுக்கே வந்தார். "நாற்காலி காலியா ஏறுனா அம்மன் அசையாது. அது வழக்கம். ராஜா ஒக்காரலன்னா வேற எதனா ஒக்காரணும்."

அப்புறம் ஊர் கூடி யோசித்தது. ராஜாவின் போட்டோவை வைக்கலாம் என்றார் ஒருவர். போட்டோ வைத்தால் மாலை போட வேண்டும், உயிரோடிருக்கும் மனுஷனுக்கு அது ஆகாது என்றார் இன்னொருவர். வாளை வைக்கலாம் என்றார்கள். வாளுக்குப் பரிவட்டம் எங்கே கட்டுவது? தலை வேண்டுமே. தலை இருக்கும் எதையாவது தேடினார்கள். வெயில் ஏறியது. அப்பா வலது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தார். இடது காலை ஊன்றவே இல்லை. அந்தக் கால் நடுங்கியதை நான் பார்த்தேன், அவர் வேட்டியை இறக்கி மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மனுக்குப் படைக்க ஒரு பலாப்பழம் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஆள் அளவு இருந்தது.

"அந்தப் பலாப்பழத்த எடுத்து வையுங்க! ராஜாவுக்கும் அதுக்கும் இன்னா பெரிய வித்தியாசம்? வெளிய முள்ளு, உள்ள பிசினு. பழமாவது யாருக்கனா தின்ன ஒதவும்!"

இதை நான் ஏளனமாகச் சொன்னேன். பிற்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்தால் தெரிந்துகொள்ளட்டும்: இது ஏளனம்.

பூசாரி தாடியைத் தடவினார்.

"பொண்ணு சரியாத்தான் சொல்லுது. அம்மனுக்குப் போற பழம். அதுக்கு மேல பெரியவன் யாரு? மேல காம்பு வேற இருக்குது. பரிவட்டம் நிக்கும்."

நின்றது. ராஜாவே தன் பரிவட்டத்தை அவிழ்த்துக் காம்பில் கட்டினார். பழம் அரியணையில் அமர்ந்தது. ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலிக்கு அது பொருத்தமாகவே இருந்தது. முகத்தில் அவரைவிடக் கம்பீரம்.

ஒரு வாய்த்துடுக்கு ஐந்து நிமிடத்தில் சம்பிரதாயமாவதை நேரில் பார்த்தேன். மற்ற சம்பிரதாயங்களும் இப்படித்தான் பிறந்தனவா? யாரோ ஒரு பெண் எரிச்சலில் எதையோ சொல்லி?

இத்தோடு முடிந்திருந்தால் இன்று நல்ல நாள்.

நான்கு பேரும் தண்டுக்குக் குனிந்தார்கள். அப்பாவும். அப்போது ராஜா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பெரியவரே, தண்ட எங்கிட்ட குடுங்க."

கெங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஊரே. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தண்டு மகனுக்குப் போகும், இல்லாவிட்டால் மருமகனுக்குப் போகும். இது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அடிவாரத்து ராஜாவுக்குத் தெரியாது, பாவம், முட்டாள் — அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பலாப்பழத்தைப் பார்த்தேன்.

தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து ராஜாவின் தோளில் வைத்தார் அப்பா. தண்டைக் கொடுத்தார். பிறகு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் திருவிழா அன்று அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ராஜாவுக்குத் தூக்கத் தெரியவில்லை. தோள் மாற்றுகிற இடம் தெரியவில்லை, மூச்சு விடத் தெரியவில்லை. உள்ளங்கால் கொப்பளித்து நடை கோணியது. செருப்புக்குத் தரம் பார்ப்பவர் வெறுங்காலில். பழம் இரண்டு தடவை சாய்ந்தது; நான்தான் கூடவே நடந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அம்மனுக்குப் போகும் பழம், விழக்கூடாது என்பதற்காக.

"நீங்க இப்ப பண்ணதுக்கு இன்னா அர்த்தம்னு தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"மூச்சு வாங்குது மேடம். அப்புறம் சொல்றேன்."

16 ஜூன், திங்கள்

தெரியுமாம்.

மே மாதமே தெரியுமாம். வேப்பமரத்தடியில் கெங்கம்மாளிடம் கேட்டது அதைத்தானாம். போனில் சொல்கிறார், மழை வருமா என்பது மாதிரி.

தெரிஞ்சே பண்ணியிருக்கான்! ஊர் முன்னாடி! என்னை ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை கேட்டானா? இதான் ராஜா புத்தி. நாற்காலிலேருந்து எறங்கிட்டா போதுமா? எல்லாரையும் கேட்டான், கெங்கம்மாளக் கேட்டான், பூசாரியக்கூட கேட்டிருப்பான், என்னத் தவிர. நான் இன்னா தண்டா, ஒரு தோள்லேருந்து இன்னொரு தோளுக்கு மாத்த?

காலையிலிருந்து பத்துப் பேர் "மாப்ள எப்ப வர்றாரு?" என்று கேட்டுவிட்டார்கள். பட்டா மாறுதலுக்கு வந்தவரும் அதையே கேட்டார்.

அப்பா பாறையில் உட்கார்ந்தது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

17 ஜூன், செவ்வாய்

வந்தார். நொண்டிக்கொண்டு. திட்டினேன். நேற்று எழுதியதைக் கொஞ்சம் மரியாதை சேர்த்து முழுசாகச் சொன்னேன்.

"தப்புதான்" என்றார். "மொதல்ல உங்களக் கேட்டிருக்கணும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

"முடியாதுன்னு."

"அதான் பயந்துட்டேன்."

"அப்ப இப்ப கேளுங்க."

கேட்டார். கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, மனு கொடுக்க வந்தவர் மாதிரி நின்று கேட்டார். கதவுக்குப் பின்னால் கெங்கம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"விண்ணப்பத்துக்குப் பதினஞ்சு வேலை நாள் ஆகும்" என்றேன்.

"ரசீது தருவீங்களா மேடம்?"

சிரிக்கவில்லை. அவர் போனபிறகு பைலைத் தேடும் சாக்கில் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். கீழ்த்தட்டில் அந்தச் செருப்பு இருந்தது. கெங்கம்மாள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

20 ஜூன், வெள்ளி

ராஜாவின் அம்மா, மகாராணி, அலுவலகத்துக்கு எழுந்தருளினார். பெயரே ராணியம்மாள். பெற்றவர்கள் எதையும் விதியின் கையில் விடவில்லை.

"எங்க வம்சத்துல யாரும் இதுவரைக்கும் தண்டு தூக்கினதில்ல."

"இந்த வருஷம் ஆரம்பிச்சிட்டாருங்க."

"எம் புள்ள ஒக்கார்ற எடத்துல ஒரு பலாப்பழத்த ஒக்கார வெச்சீங்களே, நல்லா இருக்குதா உங்களுக்கு?"

"அம்மன் ஒண்ணும் சொல்லலைங்க."

நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலுவலக நாற்காலி, பிரம்பு அறுந்தது. பாதி உள்ளே போனார். அப்படியும் குரல் இறங்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை வந்தது எனக்கு.

"எங்க வூட்ல வந்து உன்னால இருக்க முடியுமா? உங்க வூட்டுல இன்னா சாப்புடுவீங்க?"

"சாமைச் சோறுங்க."

அவர் முகத்தில் வம்சம் விலகி வேறொன்று வந்தது.

"சாமையா? சர்க்கரைக்கு அது ரொம்ப நல்லதாமே? டாக்டர் அதத்தான் சாப்புடச் சொல்றாரு. கீழ கடையில எல்லாம் கலப்படம்."

குலத்தின் மானத்தைக் காக்க வந்தவர் கெங்கம்மாள் வீட்டுச் சாமையை ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு மலையிறங்கினார். போகும்போது, கஞ்சி வைத்தால் எத்தனை விசில் என்று கேட்டார். சம்மதம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

அப்பாவிடம் பெண் கேட்டு வந்தார். பரிசத்துக்குச் சுவரிலிருந்த வாளைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அப்பா விரலால் அதன் முனையைத் தடவினார். "இத்த வெச்சி நான் இன்னா பண்றது தொரை? பலா அரியக்கூட மொன்னையா இருக்குது."

பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். எங்கள் பக்கம் பழைய வழக்கம் ஒன்று உண்டு: பரிசம் தர வழியில்லாதவன் பெண்வீட்டுக் கொல்லைக்காட்டில் ஒரு வெள்ளாமை பாடுபட்டுத் தர வேண்டும். யாரும் இப்போது கேட்பதில்லை. அப்பா கேட்டார்.

"தண்டு ஒருநாள் சமாச்சாரம், யாரு வேணா தூக்கிரலாம். வெதைக்கறதுலேருந்து அறுக்கறவரைக்கும் சாமையில நில்லுங்க. பயிர் கெட்டுதுன்னா பேச்சு அத்தோட முடிஞ்சிது. எம் பொண்ண, ஒரு பயிர வளக்கத் தெரியாதவங்கிட்ட குடுக்க மாட்டேன்."

"சரிங்க" என்றார் ராஜா.

வாசலில் என்னிடம் கேட்டார்: "பதினஞ்சு வேலை நாள் முடியப்போவுது. பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கக் கூடாது. ஆய்வுல இருக்குது."

27 ஜூலை, ஞாயிறு

விதைப்பு முடிந்தது. ஞாயிறு தவறாமல் வருகிறார். கையில் கொப்பளம், காலில் கொப்பளம். கருங்கானூர் சமஸ்தானத்தின் எல்லை இப்போது எங்கள் கொல்லையின் கிழக்கு வேலி.

அம்மா அவருக்கு மட்டும் கூழில் மோர் கூட ஊற்றுகிறாள். எதிர்க்கட்சி விலைபோய்விட்டது.

3 ஆகஸ்ட்

சாமை முளைத்திருக்கிறது. அவர் குனிந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் — விடு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

களையெடுப்பு. அப்பா கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மேல்பாத்தியைத் தனியாக முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தேர்தல் பட்டியல் சரிபார்ப்பு. ராஜா தனியாகவே முடித்துவிட்டார் என்றாள் அம்மா. சுத்தமாக.

18 ஆகஸ்ட், திங்கள்

காலையில் ஆபீசுக்குப் போகுமுன் மேல்பாத்திக்குப் போனேன். சும்மா பார்க்க.

சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு சாமை பாக்கியில்லை. புல் மட்டும் வரிசை வரிசையாகச் செழித்து நின்றது. பிடுங்கிய சாமை வாடிக் கிடந்தது, வரப்பில், சம அளவுள்ள குவியல்களாக, வேர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. தரம் பார்ப்பவர் ஆயிற்றே.

போன் பண்ணினேன்.

"நேத்து எத புடுங்கினீங்க?"

"களையத்தான். ஏன்?"

"எது களைன்னு எப்டி முடிவு பண்ணீங்க?"

"பச்சையா தளதளன்னு நின்னத வுட்டுட்டேன். மெலிசா சோகையா இருந்ததெல்லாம் எடுத்துட்டேன்."

அரச வம்சங்கள் என்றைக்கும் இப்படித்தான் ஆள் தேர்ந்தெடுத்திருக்கின்றன. இதைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அய்யோ." பிறகு: "நானே வந்து உங்கப்பாகிட்ட சொல்லிடறேன். பொய் சொல்லி உங்கள வாங்கிக்க மாட்டேன். வர்றேன்."

வைத்துவிட்டார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாராம். வந்து உண்மையைச் சொல்வார். பயிர் கெட்டால் பேச்சு முடிந்தது. அப்பா சொன்ன சொல்லை மாற்றியதில்லை. முட்டி போனாலும் மாற்றாத மனிதர்.

வரப்பில் நின்றேன். காவலூர் பக்கம் நட்சத்திரம் பார்க்கும் கூண்டு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. என்ன செய்யலாம் என்று யோசித்ததாக எழுத ஆசைதான். யோசிக்கவில்லை.

அப்பா வந்தார், கம்பை ஊன்றிக்கொண்டு. பாத்தியைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். குனிந்து ஒரு வாடிய நாற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரு செஞ்சது இது?"

வளைவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"நான்தாம்ப்பா."

"நீயா?"

"நேத்து சாயந்தரம். அவர் போனப்புறம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நான் எறங்கி எடுத்தேன். இருட்டிடுச்சு, தெரியல."

நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இந்தக் கொல்லையில் களையெடுத்தவள் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் சாமையைச் சொல்வேன். அது அப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ராஜா ஓடிவந்தார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். "பெரியவரே, ஒண்ணு சொல்லணும், நேத்து நான்தான் —"

அவர் காலை மிதித்தேன். நன்றாக. இடது காலால்.

அப்பா கீழே பார்த்தார். வெகுநேரம் அவர் பார்த்தது என் செருப்பை. அரை சைஸ் பெரிய இடது செருப்பு. போன வாரமே ஆபீஸ் பீரோவிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன்; இன்று காலையில் போட்டுக்கொண்டு வந்தேன். கொல்லையில் முள் அதிகம்.

"கவர்மெண்டு வேலைக்குப் போனா களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாமப் பூடுது" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். கையிலிருந்த நாற்றை வரப்பில் போட்டார். பிறகு திரும்பினார். இதுவரை ராஜாவைத் தொரை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஏம்ப்பா மோகனு, இன்னா மரமாட்டம் நிக்கற? அந்தத் தொப்பியக் கழட்டிட்டு எறங்கு. புல்லப் புடுங்கி, அங்க கொள்ளு தூவி வுடு. கொள்ளுன்னா எதுன்னு அவளக் கேட்டுக்க."

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கெங்கம்மாள் என் காலைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. முதல்முறையாக எனக்காக எழுந்து நின்றாள்.

ஆறு வருடப் பணியில் நான் கொடுத்த முதல் பொய்ச் சான்று இது. வாய்மொழியாகத்தான். கையெழுத்துக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.